நாலாவதாக வந்தவர்

யாராவது சாப்பிடக் கொடுத்தால் அவருக்கு மறுக்கத் தெரியாது. எங்கள் பேச்சை எவ்வளவோ கற்றுக்கொண்டார். வலியில் கத்துகிற பெண்களை அதட்டக் கற்றுக்கொண்டார். மினிபஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடக் கற்றுக்கொண்டார். "வேண்டாம்" மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, மக்காச்சோளக் காடுகளுக்கு மத்தியில் இருக்கிறது எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி. தண்ணீர் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அவர் வெளிநாட்டிலிருந்து வந்த நர்ஸ். சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்ய வந்தவர். பிரசவ வார்டில் இருந்தார். அறுபதை ஒட்டிய வயது. நல்ல உயரம், வார்டு வாசலில் குனிந்துதான் நுழைவார். கன்னியாஸ்திரி இல்லை, ஆனாலும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாங்கள் சிஸ்டர் என்போம். ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்காரம்மா. அவர் பெயர் யார் நாக்கிலும் ஒழுங்காக வரவில்லை. அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

வார்டில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அவள் அம்மா பத்தியச் சோறு கொண்டு வருவாள். பூண்டுக் குழம்பு வாசனைக்குச் சிஸ்டர் கட்டில் பக்கம் திரும்பிப் பார்ப்பார். "ஒரு வாய் சாப்புடுறீங்களா?" என்று அந்த அம்மா சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்பாள். இவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஒரு முறை ஆடு மேய்க்கிற ஒருவர் வேலி ஓரம் நின்று தூக்குவாளியில் இருந்த கம்பங்கூழை நீட்டினார். அவர் மருமகளுக்கு முதல் நாள்தான் இவர் பிரசவம் பார்த்திருந்தார். சிஸ்டர் வாளியைத் தூக்கி அப்படியே குடித்தார். ராத்திரியே வயிறு போய், அடுத்த நாள் தன் வார்டிலேயே குளுகோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார். பெரிய டாக்டர் வந்து திட்டினார்.

"கண்டதையும் வாங்கிக் குடிச்சா வயிறு என்ன ஆகும் சிஸ்டர்?"

"வயிறு ஒரு நாள் அழுவும் டாக்டர். வேணாம்னு சொன்னா அந்த ஆளு ரெண்டு நாள் அழுவாரு."

அவர் பேசுகிற தமிழ் வார்டுப் பெண்களிடம் கற்ற தமிழ். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஆட்டுக்காரர் பெண்சாதி ரசம் சோறு கொண்டு வந்தாள். ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதையும் சாப்பிட்டார்.

தை மாதமும் ஆவணி மாதமும் அவருக்குக் கொண்டாட்டம். அவர் கையால் பிறந்த பிள்ளையின் அத்தைக்குக் கல்யாணம், சித்தப்பாவுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். ஒன்றையும் விடமாட்டார். தனியாகப் போகக் கூடாது என்று டாக்டர் என்னைத் துணைக்கு அனுப்புவார். நான் ஆண்கள் பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்து, முதல் ஆளாக எழுந்து, வெளியே வந்து நின்றுகொள்வேன். இவர் பெண்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது வெளியே கேட்கும்.

"மாப்பிள்ளைகிட்ட பேசினியா ஆயி?"

"என்னத்தப் பேசுறது சிஸ்டர்? வெக்கமா இருக்கு."

"சாப்டியான்னு கேளு. மத்தது தானா வரும்."

கல்யாணப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு நிக்காஹ்வுக்குப் போனோம். மாப்பிள்ளை துபாயிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தார். அங்கே பெண்கள் நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் பிரியாணி சாப்பிடுவார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் டிக்கெட் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"தட்டுல நல்ல கறித்துண்டா பாத்து ஒரு அம்மா என் பக்கம் தள்ளி வச்சாங்க தம்பி. மூஞ்சியக்கூட பாக்கல. பேசிக்கிட்டே தள்ளி வச்சாங்க."

"விருந்தாளின்னா அப்படித்தான் சிஸ்டர்."

"எங்க ஊர்ல விருந்துக்கு மேசை போடுவாங்க. நாற்காலி ஜோடி ஜோடியா இருக்கும். தனியா இருக்கற பொம்பளையக் கூப்ட்டா ஒரு நாற்காலி காலியா நிக்கும்ல? அதனால கூப்ட மாட்டாங்க. நான் அடுப்படியில ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டே சாப்ட்ருவேன். வருஷக்கணக்கா அப்படித்தான்."

நானும் மோட்டார் ரூமில் நின்றுகொண்டுதான் சாப்பிடுவேன். அதைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பேச்சு வர நேரமாகும். அதற்குள் பஸ் நின்றுவிட்டது.

அவர் குவார்ட்டர்ஸும் என் மோட்டார் ரூமும் எதிரெதிரே. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜன்னலிலிருந்து குரல் வரும்.

"தம்பி, சாப்டியா?"

"ஆச்சு சிஸ்டர்."

"என்ன சாப்டே?"

"சோறுதான் சிஸ்டர்."

எங்கள் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். நாளெல்லாம் என்னிடம் வேலை சொல்லாமல் பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான் என்பதால், இதற்காகவே நான் அந்த நேரத்தில் எங்கும் போகமாட்டேன்.

எனக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது கொல்லை காடு வைத்திருக்கிறவனுக்கே பெண் கிடைப்பதில்லை. பெண்கள் படித்திருக்கிறார்கள், படித்த மாப்பிள்ளை கேட்கிறார்கள். அது நியாயம்தான். அப்பா அம்மா இல்லை. செந்துறையில் கட்டிக் கொடுத்த அக்காதான் எனக்காக அலைந்தாள். பார்த்த இடங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். விரல் தீர்ந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். கையில் முறுக்கு டப்பா.

"டேய், அரியலூர்ப் பக்கம் ஒரு பொண்ணு இருக்குடா. முப்பத்தஞ்சு வயசு. துணி தைக்குது. அப்பன் ஆத்தா போன பொறவு ரெண்டு தங்கச்சியையும் கட்டிக் குடுத்துட்டு இது நின்னு போச்சு. அண்ணன் லாரி ஓட்டுறாரு. ஞாயித்துக்கெழம போயி பாத்துருவோம்."

"சரிக்கா."

"சரிக்கான்னா ஆச்சா? நானு, உங்க மாமா, நீயி. மூணு பேரா பொண்ணு பாக்கப் போவக் கூடாதுடா. இன்னொரு ஆளு வேணும்."

"சித்தப்பா?"

"அவரா? பேச்செடுத்தா அவரு வெங்காயக் கொல்லைக்குள்ள நம்மள இழுத்துட்டுப் போயிடுவாரு. பொண்ணு பேச்சே வராது."

எதிர் ஜன்னலில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அக்கா டப்பாவை நீட்டினாள். அவர் ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு இரண்டு முறுக்கு எடுத்துக்கொண்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"இவங்க வந்தா என்னடா? நம்ம பக்கமும் ஒரு கெத்தா இருக்கும்."

அப்படித்தான் அவர் எங்கள் நாலாவது ஆள் ஆனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஏற்கெனவே கோபமாக இருந்தார். அவர் எங்கே போனாலும் அப்படித்தான். அக்கா சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினாள்.

"காபி குடுப்பாங்க, குடிக்கலாம். பலகாரம் வப்பாங்க, திங்கலாம். சோறு மட்டும் சாப்புடக் கூடாது. பொண்ணு வூட்டுல கை நனச்சிட்டோம்னா சம்பந்தம் முடிஞ்ச மாதிரி. பேசி, புடிச்சு, ரெண்டு பக்கமும் சரின்னு சொன்ன பொறவுதான் சாப்பாடு. என்ன?"

சிஸ்டர் பாடம் ஒப்பிப்பதுபோல் திருப்பிச் சொன்னார். "காபி சரி. பலகாரம் சரி. சோறு சாப்டா, பொண்ணு நம்ம பொண்ணு."

"அதேதான்."

"பசிச்சா?"

"பசிச்சாலும்தான் சிஸ்டர்."

அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது. பிற்பாடு அக்கா, "வெளிநாட்டுக்காரங்களுக்கு நம்ம வழக்கம் தெரியல" என்று நாலு பேரிடம் சொன்னாள். அது சரியில்லை. தெரிந்துதான் செய்தார்.

சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டின் ஓரம் அந்த வீடு. வாசலில் இருந்த செம்பருத்திகூட வெள்ளையாகப் பூத்ததுபோல் தூசு படிந்திருந்தது. உள்ளே துடைத்துவிட்டது மாதிரி சுத்தம். பெண்ணின் அண்ணனும் அண்ணியும் வாசலுக்கே வந்து கூப்பிட்டார்கள். சிஸ்டரைப் பார்த்ததும் அண்ணி திகைத்துப்போய், இன்னொரு நாற்காலி எடுக்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பெண் காபி கொண்டு வந்தது. என்னிடம் டம்ளரை நீட்டும்போது, "சக்கர போதுமான்னு பாருங்க" என்றது. நான் தலையாட்டினேன். இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, அதற்குள் தலையாட்டிவிட்டேன். அதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, உதட்டை மடித்துக்கொண்டு உள்ளே போனது. எனக்குப் பிடித்துவிட்டது. அந்த மடித்த உதடு போதும் என்று இருந்தது.

பெரியவர்களுக்குப் போதவில்லை.

"பொண்ணுக்கு வயசு ரெண்டு மூணு கூட இருக்கும் போலருக்கே?" என்றார் மாமா.

அண்ணன் விடவில்லை. "மாப்பிள்ளைக்கு மட்டும் என்னங்க, மீசை கொஞ்சம் அளவுக்கு மீறி கறுப்பா தெரியுது."

முந்தின நாள் அக்காதான் மை பூசிவிட்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கவர்மெண்ட் உத்தியோகமா என்று கேட்டார்கள். வீடு சொந்தமா என்று கேட்டார்கள். பெண்ணுக்கு என்ன செய்வீர்கள் என்று மாமா கேட்டார். பேச்சு எங்கேயோ முட்டிக்கொண்டு நின்றது. வெயில் உச்சிக்குப் போய்ச் சாயவும் தொடங்கிவிட்டது. கடைசியில் அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"அப்ப ஊருக்குப் போயி சொல்லி வுடுறோங்க."

அதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் முகம் சுருங்கியது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்களை வழியனுப்பும் முறை ஒன்று இருக்கிறதே.

"ஒரு வாய் சாப்ட்டுப் போங்க."

"இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு."

அப்போதுதான் அந்தப் பெண் அடுப்படி வாசலில் வந்து நின்றது. எங்களில் யாரையும் பார்க்கவில்லை. சிஸ்டரைப் பார்த்துக் கேட்டது.

"உங்களுக்குப் பசிக்குதாம்மா?"

சிஸ்டர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொய் சொல்ல முயற்சி செய்ததும் முகத்தில் தெரிந்தது.

"பசிக்குதும்மா" என்றார்.

பெண் உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு, முருங்கைக்காய்ச் சாம்பார் ஊற்றி, அப்பளம் வைத்துக் கொண்டு வந்து நீட்டியது. நீட்டிய கையை மடக்காமல் நின்றது. வாங்காமல் போய்விடுவார்களோ என்கிற பயம். சிஸ்டர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு, கை கழுவி, தரையில் காலை மடக்கி உட்கார்ந்து பிசைய ஆரம்பித்தார்.

அண்ணிதான் முதலில் கன்னத்தில் கை வைத்தாள்.

"கை நனச்சிட்டாங்களே!"

"அவங்க நனச்சா எப்படிங்க?" என்றார் மாமா. "அவங்க நம்ம ஜனமா, சொந்தமா? வேடிக்க பாக்க வந்தவங்க."

"அப்படி எப்படி சொல்றீங்க?" அண்ணன் எழுந்துவிட்டார். "மூணு பேரா வரக் கூடாதுன்னுதானே நாலாவது ஆளா கூட்டியாந்தீங்க? வரும்போது உங்க ஆளு, சாப்டும்போது வேத்தாளா?"

மாட்டிக்கொண்டால் மாமாவுக்குக் குரல் ஏறும். "சோத்தக் காட்டி மாப்பிள்ள புடிக்கிறீங்களா?" என்றார்.

பெண் தட்டை வாங்கிக்கொள்வதுபோலக் குனிந்தது. "வுடுண்ணே. பசிக்குதுன்னாங்க, போட்டேன். அவ்ளோதான்."

அந்த நேரத்தில் நான் பேசினேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"எனக்கும் போடுங்க."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நான் சிஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தட்டு வந்தது. சாப்பிட்டேன். அக்காவும் மாமாவும் வாசலுக்குப் போய்விட்டார்கள். அண்ணி ஓடிப்போய்ச் சமாதானம் சொல்வது கேட்டது. உள்ளே நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம், அந்தப் பெண் நின்று பரிமாறியது. மோர் ஊற்றும்போதுகூட ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் கல்யாணம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்புக்கு ஆயுசு குறைவு. வீட்டுக்குப் போனதும் அக்கா அண்ணிக்குப் போன் போட்டு, ஆத்திரத்தில் பேசிவிட்டாள். "எந்தம்பி வெகுளி. ஒரு தட்டு சோத்துல மடக்கிட்டா உம் நாத்தனா." பிறகு அவளே சமாதானமாகி, சரி, அவனுக்குப் பிடித்துவிட்டது, பூ வைத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினாள். அதற்குள் அந்தப் பேச்சு தெருவெல்லாம் போய்விட்டது. தைக்கத் துணி கொடுக்க வந்தவர்கள் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகவே கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். நானாக ஒருவருக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை.

"வுடுங்க தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. "சோறு போட்டு மாப்பிள்ள புடிச்சவன்னு பேரோட வாழ மாட்டேங்குது. அது சொன்னா சொன்னதுதான்."

இதைச் சிஸ்டரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு, ஒரே ஒரு நாள் தவிர, அவர் யாரிடமும் எதுவும் வாங்கிச் சாப்பிடவில்லை. வார்டில் ஒரு அம்மா கிண்ணத்தை நீட்டினால், "பசிக்கலம்மா" என்று வேறு கட்டிலுக்குப் போய்விடுவார். "வேண்டாம்" சொல்லத் தெரியாதவர் இப்படி ஒரு சுற்றுவழி கண்டுபிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் போனால் அட்சதை போட்டுவிட்டு, பந்தி ஆரம்பிக்கும் முன் கிளம்பிவிடுவார். "எங்க வூட்டுச் சோறு ஆவலியா சிஸ்டர்?" என்று ஜனங்கள் மனத்தாங்கலாகக் கேட்டார்கள். அவர் பெரிய கைகளைப் பிசைந்துகொண்டு நிற்பார். ராத்திரி அவர் குவார்ட்டர்ஸ் ஜன்னலில், நின்றுகொண்டே சாப்பிடுகிற நிழல் தெரியும். என் பக்கம் இருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும்.

அவர் ஊருக்குத் திரும்பிப் போய் வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பெண்ணுக்கு அடுத்த தையிலேயே நாமக்கல் பக்கம் முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் அதே மோட்டார் ரூமில்தான் இருக்கிறேன். எதிர்க் குவார்ட்டர்ஸில் இப்போது மருந்துப் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சிஸ்டரை நினைத்தால் எனக்கு ஒரு சாயங்காலம்தான் முதலில் கண்ணுக்கு வரும்.

பெண் வீட்டில் மறுத்து ஒரு மாதம் இருக்கும். அன்று காலையில் யாரிடமும் சொல்லாமல் எங்கேயோ போயிருந்தார். டாக்டர் என்னைக் கேட்டார், எனக்கும் தெரியவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ரோட்டிலிருந்து தனியாக நடந்து வந்தார். செருப்பிலும் கவுன் ஓரத்திலும் சிமெண்ட் தூசு. நேராக என் ரூமுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அரியலூர் போய்ட்டு வரேன் தம்பி. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

நான் மோட்டாரை நிறுத்தினேன்.

"நாற்காலி போட்டாங்க. ஃபேன் போட்டாங்க. ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தோம், பாசமாத்தான் பேசுனாங்க. ஆனா ஒண்ணும் குடுக்கல. காபியும் குடுக்கல, தண்ணியும் குடுக்கல. அடுப்படியத் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. எந்திரிச்சாங்க, மறுபடி உக்காந்தாங்க. குடுக்கப் பயமா இருந்திருக்கும். நானும் கேக்கல."

அவர் தொண்டை வறண்டிருந்தது பேச்சிலேயே தெரிந்தது. சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். முழுசும் குடித்தார். பிறகு கேட்டார்.

"உங்கிட்ட சாப்ட ஏதாச்சும் இருக்கா?"

அவராகக் கேட்டு நான் பார்த்தது அப்போதுதான். மத்தியானச் சோறு இருந்தது. மோர் ஊற்றிப் பிசைந்து, சின்ன வெங்காயம் உரித்து வைத்தேன். இருந்தது ஒரே தட்டு. எனக்குக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் பாதி சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"என்னப் பத்தி ஏதாச்சும் பேசுச்சா சிஸ்டர்?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. கெளம்பும்போது வாசல்ல வச்சு."

"என்னன்னு?"

"அன்னிக்குச் சாப்பாட்டப் பத்தி அவரு ஏதாச்சும் சொன்னாரான்னு."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். "நீ சொல்லவே இல்ல. நானாத்தான் சொன்னேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு சிஸ்டர்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இத எங்கிட்ட வந்து சொல்றியே தம்பி" என்றார்.